முதுகுக்குப் பின்னால் நடந்த ஆட்டம்

2023-ஆம் ஆண்டில் தீபாவளி நவம்பர் 12-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கே நம் பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் உலகக்கோப்பை கிரிக்கெட்டின் கடைசி லீக் ஆட்டம். இந்தியாவும் நெதர்லாந்தும் மோதின. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்கு நம்மில் பலர் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். இந்தியா 4 விக்கெட்டுக்கு 410 ரன் குவித்தது. முதல் ஐந்து ஆட்டக்காரர்களும் ஐம்பதைத் தாண்டினார்கள். ஷ்ரேயாஸ் 128. பெங்களூரில் பிறந்த ராகுல் 62 பந்துகளில் சதம் அடித்தார். வெற்றி 160 ரன் வித்தியாசத்தில். தெருவில் வெடித்த சரவெடியில் எது பண்டிகைக்கு, எது சிக்ஸருக்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று அந்த மைதானத்துக்குள்ளேயே இருந்தும் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருப் பெண். பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பெயர் வேண்டாம். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்ட் மூலம் அந்த ஒரு நாள் வேலைக்குப் போயிருந்தாள்.

என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அவள் வீட்டாருக்கே அது சரியாகத் தெரியவில்லை. ஸ்டாண்டில் ஒரு படிக்கட்டு அவள் பொறுப்பு. வருகிறவர்களின் சீட்டைப் பார்த்து இருக்கையைக் காட்ட வேண்டும். படியில் உட்காருகிறவர்களை எழுப்ப வேண்டும். தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே என்று கேட்பவர்களுக்கு நூறு தடவையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். எங்காவது கைகலப்பு தொடங்கினால் அது பெரிதாகும் முன்னே மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி உண்டு. கூட்டத்தைக் கவனிக்க நிறுத்தப்பட்டவர் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி. உலகத்தில் எந்தப் பெரிய மைதானத்திலும் இதுதான் முறை. அன்று விராட் கோலி பந்து வீசி ஒரு விக்கெட் எடுத்தார். ஒருநாள் ஆட்டத்தில் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த விக்கெட் அது. மைதானம் முழுவதும் எழுந்து நின்று கத்தியது. அவளுக்குத் தெரிந்தது எதிரே இருந்த முகங்கள்தாம்.

நடு இரவு நெருங்கும்போது வீடு சேர்ந்தாள். மறுநாள் காலையில் தெருவே அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. "கோலியப் பாத்தியா?" என் வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆயிரம் பேர் மூஞ்சியப் பாத்தேன் மாமா. கோலி மூஞ்சிய மட்டும் பாக்கல."

அவள் அப்பா கேட்டது வேறு. "நாளும் கிழமையுமா பொட்டப் புள்ள ராத்திரி பன்னெண்டு மணிக்கு வரணுமா? அப்படி என்னத்தக் குடுத்துட்டாங்க?" அவருக்குக் கோபம் கொஞ்சம், வெட்கம் கொஞ்சம். மகள் ஸ்டேடியத்தில் காவல் நின்றாள் என்று உறவினர்கள் பேசிவிடுவார்களோ என்ற எண்ணம். படிக்க வைத்தது இதற்கா என்ற குறை.

கோலியைக் கேட்டவர்களும் சரி, கூலியைக் கேட்டவரும் சரி, அவள் செய்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வருத்தம் அதுதான். நம் பிள்ளைகள் இப்படிப்பட்ட வேலைகளுக்கு ஆண்டுதோறும் போகிறார்கள். கிரிக்கெட், ஓட்டப் பந்தயம், கண்காட்சி, பெரிய கம்பெனிகளின் விழா என்று இந்த ஊரில் வேலைக்குக் குறைவில்லை. அதை நாம் ஒன்று வேடிக்கையாகப் பார்க்கிறோம், இல்லையென்றால் கேவலமாகப் பார்க்கிறோம். வேலையாகப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்காத வரையில் அந்த வேலைக்கு உரியதை யாரிடமும் கேட்கவும் நமக்கு வாய் வராது.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நான் கேட்ட அளவில் சில செய்திகள் கிடைத்தன. அந்தப் படிக்கட்டில் நின்றவர்களில் அவளுக்குத்தான் அதிக மொழி தெரியும். வீட்டில் தமிழ். பள்ளியிலும் கடையிலும் கன்னடம். அடுத்த சந்தில் உருது. எதிர் வீட்டில் தெலுங்கு. கல்லூரியில் ஆங்கிலம். இந்தி டி.வி. கற்றுக் கொடுத்தது. மேற்பார்வையாளர் வெளி மாநிலத்துக்காரர். இந்தியும் ஆங்கிலமும் தவிர வேறு தெரியாது. யாராவது சத்தம் போட்டால் "இவர் என்ன சொல்கிறார் கேள்" என்று அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார். அப்பாவைத் தவறவிட்டு அழுத ஒரு சிறுவனைக் கன்னடத்தில் பேசிச் சமாதானப்படுத்தியிருக்கிறாள். வெயிலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்ட ஒரு தெலுங்குப் பெரியவரிடம் மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று கேட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மேற்பார்வையாளருக்குக் கிடைத்த கூலி வேறு, இவளுக்குக் கிடைத்தது வேறு என்று கூறவும் வேண்டுமோ?

ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகளுக்கு இந்த மொழிகள் இயல்பாக வருவதால் அவற்றை ஒரு தகுதியாக நாம் நினைப்பதே இல்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது, வெளியே போனால் தமிழில் பேசாதே என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பிய வீடுகள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ. அந்த நாட்களைப் பார்த்த நமக்கு மொழி என்றாலே இன்னும் ஒரு பயம் உள்ளே இருக்கிறது. அவளுக்கு அது இல்லை. நூறு பேர் நடுவில் நின்று மூன்று மொழியில் மாறி மாறிப் பேசிவிட்டு வந்திருக்கிறாள்.

இடையில் ஒரு செய்தி. அன்று நெதர்லாந்துக்காக 54 ரன் எடுத்த தேஜா நிடமனுரு விஜயவாடாவில் பிறந்தவர். நியூசிலாந்தில் வளர்ந்து, பிறகு வேலைக்காக நெதர்லாந்து போய், அந்த நாட்டு அணியில் இடம் பிடித்தவர். வந்தேறிகள் என்று எந்த ஊரிலாவது பெயர் வாங்கிய எல்லாருக்கும் அவர் மட்டையைப் பிடித்து நின்ற காட்சி பிடித்திருக்கும். எனக்குப் பிடித்தது.

இனி வீடு திரும்பிய கதைக்கு வருகிறேன். ஆட்டம் இரவு பத்து மணிக்கு முன்பே முடிந்துவிட்டது. ரசிகர்கள் வீடு திரும்புவதற்கு மெட்ரோவில் தனிக் காகிதச் சீட்டுகூட விற்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டம் போன பிறகுதானே இவர்களுடைய வேலை முடியும்? கடைசி ஆள் படி இறங்கும் வரை நிற்க வேண்டும். பிறகு போட்டிருந்த மேல்சட்டையையும் கழுத்து அட்டையையும் திருப்பிக் கொடுக்க வரிசை. அவள் வெளியே வந்தபோது பதினொரு மணி. கப்பன் பார்க் நிலையத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை வழிக்கு மாறி, மந்திரி ஸ்கொயர் தாண்டி, ஸ்ரீராம்புரம் நிலையத்தில் இறங்கினாள். 2014 மார்ச்சில் அந்த மெட்ரோ வழி திறந்ததால்தான் இதுவாவது முடிந்தது. ஏஜென்டிடம் வண்டி கேட்டிருக்கிறாள். "மெட்ரோ இருக்கே" என்று பதில் வந்திருக்கிறது. நிலையத்திலிருந்து வீடு வரை தம்பி வந்து கூட்டிப் போனான். அவனுக்கு வயது பதினான்கு.

வழியில் மந்திரி ஸ்கொயர் என்று சொன்னேன் அல்லவா? இன்றைக்கு அங்கே பெரிய மால். அந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் ராஜா மில் இருந்தது. இந்தப் பெண்ணுடைய ஆயா அந்த மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தவர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று, ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போய் வந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் அவருக்கு ஒரு டோக்கன் எண் இருந்தது. பி.எஃப். இருந்தது. பிரசவத்துக்கு ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருந்தது. சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியும். வராவிட்டால் கேட்க யூனியன் இருந்தது. தீபாவளிக்குப் போனஸ் வந்தது. புதுத்துணி அதில்தான்.

பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். நான்கு மொழியில் எழுதப் படிக்கத் தெரியும். தீபாவளியன்று வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அவள் கையில் இல்லை. வேலைக்கு வா என்று சொன்னதும் வாட்ஸ்அப். கூலி இவ்வளவு என்று சொன்னதும் வாட்ஸ்அப். பணம் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது, அதுவும் சொன்னதைவிடக் குறைவாக. சாப்பாட்டுக்குப் பிடித்தமாம். அந்தக் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டால் அவள் அங்கே வேலை பார்த்ததற்கே சாட்சி இல்லை.

மில் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சுத் தூசியில் இருமி இருமிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கதவடைப்பையும் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்து மினர்வா மில்லை 1974-இல் அரசே எடுத்துக்கொண்டது. அதை எதிர்த்து எழுந்த வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அரசியல் சட்டத்தின் அடிப்படையைப் பாராளுமன்றம் மாற்ற முடியாது என்று உறுதி செய்தது. இன்றைய மாணவர்களுக்கு மினர்வா மில் என்றால் பரீட்சைக்கு வரும் ஒரு வழக்கின் பெயர். தங்கள் தாத்தா சைக்கிளை நிறுத்திய இடம் அது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். "இதற்கெல்லாம் போய்க் கூலிக் கணக்கா? வெளிநாட்டில் ஒலிம்பிக் நடந்தால் பெரிய படிப்பு படித்தவர்களே இலவசமாக வந்து தொண்டு செய்கிறார்கள். அனுபவம் கிடைக்கிறதே, அது போதாதா?" அவர் சொன்ன செய்தி உண்மைதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தொண்டு செய்தவர்கள் சுமார் 70,000 பேர். விண்ணப்பித்தவர்கள் சுமார் 2,40,000. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 45,000 இடங்களுக்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள். சீருடை தருவார்கள், வேலை நாளில் சாப்பாடு தருவார்கள். சம்பளம் கிடையாது. தங்குமிடத்தை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் சம்பளமில்லாமல், தன் செலவில் இன்னொரு ஊரில் தங்கித் தொண்டு செய்ய யாரால் முடியும்? வீட்டில் மாதச் சம்பளம் தவறாமல் வருகிறவர்களால் முடியும். அவர்கள் செய்யட்டும், மகிழ்ச்சி. பிறகு அந்த அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதி நல்ல வேலைக்கும் போவார்கள். ஸ்ரீராம்புரத்தில் விடுமுறை நாளில் துணிக்கடையில் நின்று அடுத்த செமஸ்டர் பணம் சேர்க்கிற பிள்ளைக்கு அந்த வாசல் பார்க்கத் திறந்திருக்கும், நுழைய முடியாது. தொண்டு என்ற சொல் எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவு சுலபமாக அதைச் சொல்லி ஏழையை வெளியே நிறுத்திவிடலாம். தவிரவும், ஒளிபரப்பு உரிமைக்கும் விளம்பரத்துக்கும் கோடி கோடியாகப் பணம் புரளும் ஓர் இடத்தில், படிக்கட்டில் நிற்பவர் மட்டும் ஏன் தொண்டு மனப்பான்மையோடு இருக்க வேண்டும்?

அந்த வேலை சும்மா நிற்பது என்று நினைத்தவர்களும் 2025 ஜூன் 4-ஆம் தேதிக்குப் பிறகு அப்படி நினைக்க முடியாது. ஐ.பி.எல். கோப்பையை வென்ற பெங்களூர் அணியின் பாராட்டு விழாவுக்காக அதே சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் கூட்டம் நெருக்கியடித்தது. 11 பேர் உயிர் போனது. பெரும்பாலும் இளம் வயதினர். யார் மேல் தவறு என்பதை விசாரணைக் கமிஷனும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வருவது வேறு. ஒரு வாசலில், ஒரு படிக்கட்டில், கூட்டத்தின் முகத்தைப் பார்த்து, இது மிஞ்சுகிறது என்று ஒரு நிமிடம் முன்னால் சொல்லத் தெரிந்த ஆளுக்கு என்ன மதிப்பு என்று அன்று தெரிந்தது. அந்த ஆளை வாட்ஸ்அப்பில் பிடித்து, அரைமணி நேரம்கூடப் பயிற்சி தராமல், காலையில் மேல்சட்டை கொடுத்து மாலையில் பிடுங்கிக்கொள்கிறார்கள். எங்கள் தெருப் பெண்ணுக்குக் கிடைத்த பயிற்சி பத்து நிமிடம். அவசர வழி எந்தப் பக்கம் என்று அவளாகவே கேட்டுத் தெரிந்துகொண்டாளாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 2025 பெண்கள் உலகக்கோப்பையில் பெங்களூருக்கு ஒதுக்கியிருந்த ஆட்டங்களை நவி மும்பைக்கு மாற்றிவிட்டார்கள். பத்திரிகைகள் பெங்களூர் ரசிகர்களின் ஏமாற்றத்தைப் பற்றி எழுதின. அந்த ஆட்ட நாட்களை நம்பியிருந்த நாள்கூலிப் பிள்ளைகளைப் பற்றி எதுவும் என் கண்ணில் படவில்லை. பட்டியல் இருந்தால்தானே எழுத?

சட்டம் இதற்கெல்லாம் இடம் தராமல் இல்லை. 2025 நவம்பர் 21-ஆம் தேதி மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், வேலைக்கு எடுக்கும்போது நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இரவு ஏழு மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைத்தால் அவர்களுடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்புக்கு ஏற்பாடு வேண்டும் என்றும் இருக்கிறது. இவை ஒரு நாள் வேலைக்கு, அதுவும் ஏஜென்ட் கையில் இருக்கும் வேலைக்கு, தானாக வந்து சேரும் என்று நம்ப நான் தயாராக இல்லை. யாராவது கேட்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண் தனியாகக் கேட்டால் குழுவிலிருந்து நீக்குவார்கள். அவளுக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

நம் சங்கம் செய்யக்கூடியது என்ன? பாராட்டு விழா வேண்டாம். பொன்னாடை வேண்டவே வேண்டாம். அது நமக்குக் கை வந்த கலை என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். சங்கத்து அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். எந்தப் பிள்ளை எந்த நாளில் எந்த ஏஜென்ட் மூலம் எங்கே போகிறது, கூலி எவ்வளவு என்று சொன்னார்கள், எப்போது வந்தது என்று எழுதி வைக்கலாம். ஓர் ஆண்டு எழுதினாலே யார் ஒழுங்கானவர், யார் ஏமாற்றுகிறவர் என்று தெரிந்துவிடும். ஆட்டம் நள்ளிரவு வரை போகும் நாட்களில் ஸ்ரீராம்புரம், ஒக்கலிபுரம், சேஷாத்திரிபுரம் பக்கத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றி வர ஒரு வேன் பிடித்தால் ஆளுக்கு எவ்வளவு ஆகிவிடும்? ஏஜென்டே பாதி கொடுக்கட்டும் என்று பேசிப் பார்க்கலாம். நம் உறுப்பினர்களில் டாக்டர்கள் இருக்கிறார்கள், போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலுதவியும் கூட்டத்தைக் கவனிக்கும் முறையும் சொல்லித் தர அவர்களுக்கு மனமில்லாமல் போகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெண்ணைப் போகாதே என்று தடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று தோன்றும். அந்த அப்பாவும் இனி போகக் கூடாது என்றுதான் முதலில் சொன்னார். அவள் அம்மா சொன்ன பதில் எனக்கு நினைவில் இருக்கிறது. "எங்க அத்த மில்லுக்குப் போகலன்னா நீங்க பத்தாவது படிச்சிருப்பீங்களா?" மனிதர் வாயைத் திறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஒரு கேள்வி எழும் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் கொடு, வண்டி கொடு என்று கேட்க ஆரம்பித்தால் ஏஜென்ட்கள் நம் பிள்ளைகளை விட்டுவிட்டு வேறு பேட்டையில் ஆள் பிடிப்பார்களே? பிடிப்பார்கள், சில மாதங்களுக்கு. வேறு பேட்டையில் இருப்பவர்களும் கன்னடக்காரர்களோ தெலுங்கர்களோ உருது பேசுபவர்களோ, நம்மைப் போலவே பிள்ளையைப் படிக்க வைக்கத் திண்டாடுகிறவர்கள்தாம். அவர்களுடைய சங்கங்களுக்கும் இந்த நோட்டுப் புத்தகத்தின் ஒரு நகலைக் கொடுக்கலாம். எங்கள் தெருப் பெண்ணுக்குக் கன்னடத்தில் கடிதம் எழுத நன்றாக வரும். முதல் கடிதத்தை அவளையே எழுதச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அதற்கும் கூலி கொடுத்து.